கைரம்பத்துக்கு அரம் போட ஒரு வைஸ்: தேர்ந்தெடுக்கவும் நீங்களே செய்யவும் முழுமையான வழிகாட்டி

ரம்பத்துக்கு அரம் போடும்போது பல்லைக் கூசவைக்கும் ஒரு கிறீச்சொலி எழும். பலர் அது அந்த வேலையோடு பிறந்தது என்றே நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வேலையின் சத்தம் இல்லை. ரம்பத்தகடு அதிர்வதன் சத்தம். அரம் பல்லை வெட்டாமல் அதன்மேல் துள்ளித் துள்ளிப் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. அப்படித் துள்ளும்போது ரம்பப் பல்லின் முகம் வரிவரியாகிவிடும், அரத்தின் நுண்பற்கள் உடைந்து உதிரும், கோணம் ஒரு பல்லுக்கு ஒரு பல் மாறும். கை எவ்வளவு பழகியிருந்தாலும், தகடு அசையாமல் நிற்காவிட்டால் கூர் சீராக வராது.

ஆகவே ரம்பம் தீட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் முதலில் தேட வேண்டியது விலையுயர்ந்த அரத்தையோ கோணம் காட்டும் கருவியையோ இல்லை. ரம்பத்தை இரு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் வைஸைத்தான். நல்ல வைஸில் சாதாரண அரமும் நன்றாக வெட்டும். மோசமான வைஸில் நல்ல அரமும் சில பற்களிலேயே மழுங்கும்.

வைஸுக்குச் செலவழிக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் ரம்பம் அரம் போடக்கூடியதுதானா? இன்று கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பிடி போட்ட ரம்பங்களில் பெரும்பாலானவற்றின் பல்நுனிகள் மின்தூண்டல் முறையில் கடினப்படுத்தப்பட்டவை. நுனி மட்டும் நீலங்கலந்த கருமையாகத் தெரிந்தால் அது அந்த வகை. அரம் அதில் ஏறாது, வழுக்கிக்கொண்டு போகும், போகிற போக்கில் அரமும் பாழாகும். பழைய ரம்பங்களும், இன்றும் தரமாகச் செய்யப்படும் மேற்கத்திய வகைக் கைரம்பங்களும் முதுகுப்பட்டை ரம்பங்களும் அரம் ஏறும் எஃகில் ஆனவை. இந்த வழிகாட்டி அவற்றுக்கானது.

வைஸிடம் நாம் கேட்பது என்ன

ரம்பத்தகடு மெல்லியது. நீளமான கைரம்பத்தில் சுமார் 0.8 முதல் 0.9 மி.மீ. இருக்கும். புறாவின் வால்போல் விரிந்த மர இணைப்பை வெட்டும் சிறு ரம்பத்தில் 0.5 மி.மீ. அளவுக்குக்கூட இறங்கும். இந்தத் தகடு தாடைக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதன் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப விறைப்பு குறைகிறது. 4 மி.மீ. நீட்டி வைத்த தகட்டை 8 மி.மீ. நீட்டினால் அதன் விறைப்பு பாதியாகக் குறைவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். தடிமனுக்கும் அதே மும்மடிக் கணக்குதான். 0.8 மி.மீ. தகட்டோடு பார்த்தால் 0.5 மி.மீ. தகட்டுக்குக் கால் பங்கு விறைப்புதான் இருக்கும். சிறு ரம்பங்கள் பெரியவற்றைவிட அதிகம் கத்துவது இதனால்தான்.

இந்த ஒரு கணக்கிலிருந்தே வைஸுக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் வந்துவிடுகின்றன.

தாடைகள் தகட்டை அவற்றின் உச்சி விளிம்பில் பிடிக்க வேண்டும். கீழே இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் பிடிக்கும் வைஸில், வெளியே 4 மி.மீ. நீட்டியதாக நாம் நினைப்போம். உண்மையில் தகடு 15 மி.மீ. ஆழத்திலிருந்தே தனியாக ஆடிக்கொண்டிருக்கும். இதுதான் வைஸ்களில் அதிகம் காணப்படும் குறை, கண்ணுக்கு எளிதில் தெரியாத குறையும்கூட.

அந்தப் பிடி தாடையின் முழு நீளத்துக்கும் சமமாக இருக்க வேண்டும். நடுவில் மட்டும் இறுக்கினால் ஓரங்கள் வாய்பிளக்கும், அந்த இடத்தில் அரம் அலறும்.

தாடைகளுக்குக் கீழே ஆழமான வெற்றிடம் வேண்டும். நீளக் கைரம்பத்தின் தகடு பிடியருகே 150 முதல் 175 மி.மீ. வரை அகலமானது. அது முழுதும் உள்ளே இறங்கினால்தான் பற்கள் தாடையின் உச்சிக்கு வரும். முதுகுப்பட்டை ரம்பத்தில் சிக்கல் வேறு. அதன் முதுகில் உள்ள பித்தளை அல்லது எஃகுப் பட்டை தகட்டைவிடப் பல மடங்கு தடிமன். பட்டை இருக்கும் இடத்தில் தாடைகள் விலகியிருக்காவிட்டால், அவை பட்டையைக் கவ்வும், தகட்டைத் தொடவே தொடாது.

கடைசியாக நீளம். தாடை 400 மி.மீ. இருந்தால் பெரும்பாலான முதுகுப்பட்டை ரம்பங்கள் ஒரே பிடியில் முடிந்துவிடும். 650 மி.மீ. கைரம்பத்தை ஒருமுறை நகர்த்தினால் போதும். முழு ரம்பத்தையும் ஒரே பிடியில் அடக்க 700 மி.மீ. தாடை செய்கிறவர்கள் உண்டு. அந்த நீளத்துக்கு ஒரே சீராக அழுத்தம் கொடுப்பது அவ்வளவு எளிதில்லை. என் கணக்கில் 400 தான் சரியான இடம்.

வாங்குவதானால்

பழைய வார்ப்பிரும்பு ரம்ப வைஸ்கள் இன்றும் பழைய கருவிச் சந்தைகளில் கிடைக்கின்றன. ரம்பம் தீட்டுவது ஒவ்வொரு தச்சரின் அன்றாட வேலையாக இருந்த காலத்தில் இவை ஏராளமாக வார்க்கப்பட்டன. 1840இல் பிலடெல்பியாவில் ஹென்றி டிஸ்டன் தொடங்கிய ரம்ப நிறுவனம் ரம்பங்களோடு அவற்றுக்கான வைஸ்களையும் விற்றது. அரத்தை ஒரே கோணத்தில் வழிநடத்தும் கம்பி பொருத்திய வகையும் அதில் உண்டு. வென்ட்வொர்த் என்ற பெயரில் வந்த வைஸின் தாடைகளில் ரப்பர் பதித்திருந்தார்கள், 'சத்தமில்லா வைஸ்' என்றே அதை விளம்பரம் செய்தார்கள். கிறீச்சொலியை அடக்குவதே வைஸின் வேலை என்பதை அந்தக் காலத்து உற்பத்தியாளர்கள் தெளிவாக அறிந்திருந்தார்கள். புதிதாகச் செய்யப்படுபவற்றில் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வரும் கிராமர்சி வைஸ் பேர்பெற்றது.

பழையதை வாங்கும்போது தாடைகளை மூடி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். இறுக்கும் முன் இரு ஓரங்களும் தொட்டு, நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் அது நல்ல அறிகுறி. நடுவில் இருக்கும் நெம்பியை, அதாவது தாடைகளைச் சேர்த்தழுத்தும் கைப்பிடியை, இறுக்கியதும் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், தாடை முழுதும் ஒரே அழுத்தம் கிடைக்கும். நடுவில் தொட்டு ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். மெல்லிய உப்புத்தாளைத் தாடையிடையே வைத்து இழுத்து ஓரளவு சரிசெய்யலாம், ஆனால் வளைந்த வார்ப்பைத் திருத்துவது பெரிய வேலை.

பிறகு நெம்பியின் அச்சைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். பூசிய வண்ணத்துக்கு அடியில் பற்றவைத்த தழும்பு இருக்கும் வைஸைத் தொட வேண்டாம். நெம்பி, தேய்ந்து போய், முழுதாகத் தாழ்த்தியும் இறுகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மெல்லிய தகட்டைக் கையோடு எடுத்துப் போய் அங்கேயே கவ்வவைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. தாடை உச்சியில் முந்தைய உரிமையாளரின் அரம் பட்ட வெட்டுகள் இருப்பது ஒரு குறையே இல்லை, தட்டை அரத்தால் சமன் செய்துவிடலாம்.

பழைய வைஸ்களின் தாடை பெரும்பாலும் 225 முதல் 300 மி.மீ. தான் இருக்கும். கைரம்பத்தை இரண்டு மூன்று முறை நகர்த்த வேண்டிவரும். தாடையை எந்தப் பக்கமும் சாய்க்கும் உருண்டை மூட்டு வைத்த மாதிரிகள் பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அவற்றில் விருப்பமில்லை. மூட்டு ஒவ்வொன்றும் அதிர்வு நுழைய ஒரு வாசல்.

அவசரத்துக்கு, உலோக வேலைக்கான வைஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தால், 400 மி.மீ. நீளத்தில் இரண்டு இரும்பு ஆங்கிள்களை வெட்டி, உள்முகத்தில் தோல் ஒட்டி, வைஸின் தாடைமேல் தொங்கவிட்டு இடையில் ரம்பத்தை வைத்து இறுக்கலாம். ஓரங்கள் விரியாதபடி இரு முனைகளிலும் சி கிளாம்ப் போட வேண்டும். ஒரு ரம்பத்துக்கு இது போதும். ஆண்டு முழுதும் ரம்பம் தீட்டுகிறவருக்கு இது சரிப்படாது, ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் மூன்று இடங்களைத் தளர்த்தி இறுக்குவது சலித்துவிடும்.

நீங்களே செய்வதானால்

மரத்தில் செய்த வைஸ் வார்ப்பிரும்புக்குத் தாழ்ந்ததல்ல. மரம் அதிர்வை உள்ளிழுத்துக்கொள்ளும் குணமுடையது, நீளத்தையும் ஆழத்தையும் நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். கீழே சொல்லும் அமைப்பு வேலைமேசையின் முன்விளிம்பில் மாட்டப்படுவது. மேசையில் வைஸ் இருந்தால் அதிலேயே கவ்வலாம், இல்லாவிட்டால் இரண்டு சி கிளாம்ப் போதும்.

அமைப்பை முதலில் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் பக்கம் ஒரு நெடும்பலகை. அதன் கீழ்ப்பகுதி மேசைவிளிம்புக்கு முன்னால் தொங்கும், அங்கேதான் கிளாம்ப் பிடிக்கும். மேசைப் பக்கம் ஒரு குறும்பலகை, மேசையைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவே அடியில் ஓர் இடைக்கட்டை. உச்சியில் இரு பலகைகளின் உள்முகத்திலும் கடினமரத்தில் ஒவ்வோர் உதட்டுப்பட்டி. இந்த உதடுகள்தான் ரம்பத்தைக் கவ்வும். நடுவே இரண்டு போல்ட்டுகள் பலகைகளைச் சேர்த்திழுக்கும். அரம் போடும்போது நாம் தள்ளுவது மேசையை நோக்கி என்பதால், ஒவ்வொரு தள்ளலும் நெடும்பலகையை மேசைவிளிம்போடு சேர்த்து அழுத்தும். அது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் உறுதி.

வேண்டிய பொருள்கள்: 18 மி.மீ. ப்ளைவுட், நெருங்கிய இழையுள்ள கடினமரம் சிறிது, தலை ஆறுமூலையாக உள்ள 12 மி.மீ. போல்ட் இரண்டு (150 மி.மீ. நீளம்), பெரிய வாஷர்கள், கைப்பிடியுள்ள நட் இரண்டு, இரண்டு சிறு கீல்கள், போல்ட்டில் கோர்க்கும் அளவுள்ள இரண்டு மெல்லிய சுருள்வில்கள், 2 மி.மீ. தடிமனில் தோல், மரப்பசை, திருகாணிகள்.

முதலில் பலகைகள். ப்ளைவுட்டை இரண்டிரண்டாக ஒட்டி 36 மி.மீ. தடிமனாக்குங்கள். நெடும்பலகை 400 மி.மீ. அகலம், 480 மி.மீ. உயரம். குறும்பலகை அதே அகலம், 297 மி.மீ. உயரம். 300 என்று வைக்காமல் 3 மி.மீ. குறைப்பது, அது மேசைமேல் உரசாமல் சாய்ந்தெழ இடம் விடுவதற்காக. ஒற்றைப் பலகை மரத்தை இங்கே பயன்படுத்த வேண்டாம் என்பேன். மரத்தின் இழை படுக்கைவாட்டில் ஓடினால் பலகை உயரவாக்கில் வளையும், செங்குத்தாக ஓடினால் பக்கவாட்டில் வளையும். ப்ளைவுட்டின் அடுக்குகள் இரண்டு திசையிலும் விறைப்புத் தருகின்றன. ஒட்டும்போது தட்டையான மேசைமேல் வைத்து, நிறைய கிளாம்ப் போட்டு ஓர் இரவு விடுங்கள். இந்த நிலையில் வளைவு புகுந்தால் பிறகு எந்த இறுக்கமும் அதை நேராக்காது.

அடுத்து உதட்டுப்பட்டிகள். 400 மி.மீ. நீளம், 25 மி.மீ. உயரம், 12 மி.மீ. தடிமன். பலகையின் மேல்விளிம்போடு சமமாக, உள்முகத்தில் பசையும் திருகாணியும் போட்டுப் பொருத்துங்கள். திருகாணித் தலைகள் நன்கு உள்ளே அமிழ வேண்டும். 25 மி.மீ. உயரம் என்பதற்குக் காரணம் முதுகுப்பட்டை ரம்பம். பற்கள் 5 மி.மீ. வெளியே நின்றால், முதுகுப்பட்டைக்குக் கீழே 30 மி.மீ. தகடு உள்ள எந்த ரம்பத்தையும் இது பிடிக்கும். பலமுறை தீட்டித் தேய்ந்த சிறு ரம்பம் உங்களிடம் இருந்தால் முதலில் அதை அளந்துவிட்டு, உதட்டை இன்னும் குறுக்கிக்கொள்ளுங்கள். இரு உதடுகளும் 12 மி.மீ. வீதம் முன்னே துருத்தி நிற்பதால் அவற்றுக்குக் கீழே தானாகவே 24 மி.மீ. வெற்றிடம் கிடைத்துவிடுகிறது. எந்த முதுகுப்பட்டையும் அதில் தாராளமாக அடங்கும், தனியாகக் குடைய வேண்டியதில்லை.

இனி இந்த வைஸின் உயிர்நாடியான இடைக்கட்டை. 400 மி.மீ. நீளம், 40 மி.மீ. உயரம். தடிமன்தான் கவனிக்க வேண்டியது. இரு உதடுகள் 24 மி.மீ., இரு தோல்கள் 4 மி.மீ., ரம்பத்தகடு கிட்டத்தட்ட 1 மி.மீ., ஆக மொத்தம் 29 மி.மீ. இடைக்கட்டையும் சரியாக 29 என்று வைத்தால் பலகைகள் இணையாக நிற்கும், உதடு முழுவதும் ஒரே நேரத்தில் தொடும். நமக்கு அது வேண்டாம். உச்சி முதலில் தொட வேண்டும். அதனால் இடைக்கட்டையை 32 மி.மீ. ஆக வையுங்கள். அந்த 3 மி.மீ. வித்தியாசம் இரு பலகைகளையும் மேலே ஒன்றையொன்று நோக்கி மெல்லச் சாய்க்கும், பிடியெல்லாம் உதட்டின் உச்சிவிளிம்பில் வந்து சேரும்.

இடைக்கட்டையின் மேல்பாதியை, குறும்பலகையைப் பார்க்கும் முகத்தில், இழைப்புளியால் லேசாகச் சரித்துவிடுங்கள். மேல்விளிம்பில் 1 மி.மீ. குறைந்தால் போதும். இப்படிச் செய்தால் குறும்பலகை இடைக்கட்டையின் அடிப்பகுதியில் ஊன்றித் திரும்பும். சரிக்காவிட்டால் அதன் மேல்விளிம்பில் ஊன்றும், நெம்புகோலின் நீளம் குறையும், இறுக்கமும் குறையும்.

இடைக்கட்டையை நெடும்பலகையின் உள்முகத்தில், அதன் கீழ்விளிம்பு உச்சியிலிருந்து 300 மி.மீ. கீழே வருமாறு ஒட்டித் திருகுங்கள். மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள். இந்தக் கீழ்விளிம்புதான் மேசைமேல் உட்காரப் போகிறது, கோணலானால் வைஸே கோணலாக நிற்கும். பிறகு குறும்பலகையின் அடியையும் இடைக்கட்டையின் அடியையும் இரண்டு கீல்களால் இணையுங்கள். கீல்தகடுகள் அமிழ உளியால் சிறு பள்ளம் எடுக்க வேண்டும். கீல் கிடைக்காவிட்டால் தடித்த தோல்பட்டை ஒன்றை அடியில் ஆணியடித்தாலும் அதே வேலையைச் செய்யும். அழுத்தத்தைத் தாங்குவது இடைக்கட்டை. கீலின் வேலை பலகை நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டும்.

போல்ட்டுகளை எங்கே வைப்பது? உச்சிக்கு அருகில் வைத்தால் பிடி பலமாக இருக்கும் என்று மனம் சொல்லும். அப்படி வைத்தால் ரம்பத்தகடு போல்ட்டில் முட்டி நின்றுவிடும். அகலமான கைரம்பமும் இறங்க வேண்டுமென்றால் போல்ட்டின் நடுப்புள்ளி உச்சியிலிருந்து 190 மி.மீ. கீழே இருக்க வேண்டும். அங்கே வைத்தால் போல்ட்டின் இழுவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் உதட்டுக்குப் போய்ச் சேரும். 12 மி.மீ. போல்ட்டைக் கையால் திருகினாலே அது தாராளம்.

இரண்டு பக்க ஓரங்களிலிருந்தும் 100 மி.மீ. உள்ளே தள்ளி ஒவ்வொரு போல்ட். தாடை நீளத்தின் கால்பங்கு, முக்கால்பங்கு இடங்கள் அவை. அங்கே இழுத்தால் நடுவும் ஓரங்களும் ஏறக்குறைய சமமாக அழுந்தும். நடுவில் ஒரே போல்ட் போதாதா என்று கேட்கலாம். திறந்து மூட வசதிதான், ஆனால் அப்போது உதடுகளை நடுவில் அரை மி.மீ. குழிவாக இழைக்க வேண்டும், அதோடு ரம்பம் தாடையின் ஒரு பாதியில் மட்டும் இருக்கும்போது தாடை கோணிக்கொள்ளும். இரண்டு போல்ட்டில் இந்தத் தொல்லை குறைவு.

பலகைகளைச் சேர்த்து வைத்து இரண்டையும் ஒன்றாகத் துளையிடுங்கள். நெடும்பலகையில் 12 மி.மீ. துளை போதும். குறும்பலகையில் அதை 14 மி.மீ. ஆகப் பெருக்குங்கள், பலகை சாயும்போது போல்ட்டை வளைக்காமலிருக்க. போல்ட் தலைகள் குறும்பலகையின் வெளிமுகத்தில், அதாவது மேசைப் பக்கம் வரும். அங்கே தலை சுழலாதபடி ஆறுமூலைப் பள்ளம் வெட்டிய ஒரு மரத்துண்டைத் திருகிவிடலாம். நட்டுகள் உங்கள் பக்கம். இரு பலகைகளுக்கும் நடுவே ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு சுருள்வில்லைக் கோர்த்துவிட்டால், நட்டைத் தளர்த்தியதும் தாடை தானாகத் திறக்கும். சின்ன விஷயம்தான், ஆனால் ரம்பத்தை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு கையை மிச்சப்படுத்தும்.

இப்போது தாடைகளை மூடி, உதடுகளின் வெளிமுனைகளை 45 பாகையில் இழைத்துச் சரியுங்கள். பலகையின் உச்சியும் சேர்ந்தே சரியும். ஒவ்வொரு உதட்டின் உச்சியிலும் 6 மி.மீ. தட்டை மிஞ்சினால் போதும். அரத்தின் கைப்பிடியைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கும்போது விரல் மரத்தில் இடிக்காது, பற்களின்மேல் வெளிச்சமும் நன்றாக விழும்.

கடைசியாகத் தோல். உதட்டின் உள்முகத்தில் மட்டும் ஒட்டி, காய்ந்தபின் உச்சியோடு சமமாகக் கத்தியால் சீவுங்கள். தோல் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். தடித்த மெத்தென்ற பொருள் எதையும் ஒட்டாதீர்கள். சத்தம் குறைவதுபோலத் தோன்றும், ஆனால் தகடு அந்த மெத்தைக்குள் ஆடிக்கொண்டிருக்கும்.

செய்ததைச் சோதிப்பது

ரம்பம் இல்லாமல் முதல் சோதனை. ஐந்தாறு காகிதக் கீற்றுகளைத் தாடை நெடுக இடையில் வைத்து, இரண்டு நட்டுகளையும் மிதமாக இறுக்கி, கீற்றுகளை ஒவ்வொன்றாக இழுங்கள். எல்லாம் ஒரே அளவு எதிர்த்தால் உதடுகள் நேர். எங்காவது எளிதாக உருவி வந்தால், அந்த இடத்தில் தோலுக்கு அடியில் ஒரு காகிதம் ஒட்டி நிரப்புங்கள், அல்லது அதற்குப் பக்கத்து மேட்டை உப்புத்தாளால் இறக்குங்கள்.

இரண்டாவது சோதனை ஆழத்தில். ஒரு காகிதத்தை உதட்டின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் செருகிப் பாருங்கள். உச்சிக்கு அருகே போய்த்தான் மாட்ட வேண்டும். கீழேயே மாட்டிக்கொண்டால் இடைக்கட்டையின் தடிமன் போதவில்லை. குறும்பலகை ஊன்றும் முகத்தில் ஓர் அட்டைத் துண்டை ஒட்டி உயர்த்துங்கள்.

மூன்றாவது, ரம்பத்தை மாட்டி நகத்தால் பல்லைச் சுண்டுவது. 'டிங்' என்று கணீரென ஒலித்து நீண்டால் பிடி போதவில்லை. 'டொக்' என்று மங்கி அடங்கினால் தயார். தாடையின் இடமிருந்து வலம்வரை சுண்டிக்கொண்டே போனால், எந்த இடத்தில் பிடி தளர்கிறது என்பதைக் காதே காட்டிக்கொடுக்கும்.

உயரமும் வெளிச்சமும்

மேசை 85 செ.மீ. உயரமென்றால் மேலே 30 செ.மீ. சேர்ந்து பற்கள் 115 செ.மீ. உயரத்துக்கு வரும். நின்று வேலை செய்யும் பலருக்கு அது முழங்கைக்குச் சற்று மேல். பற்களைப் பார்க்கக் குனிய வேண்டாம், அரத்தைப் படுக்கைவாட்டில் தள்ளவும் சுகம். நீங்கள் குட்டையானவர் என்றால் இடைக்கட்டையை மேலேற்ற வேண்டாம், அது ரம்பம் இறங்கும் ஆழத்தைத் தின்றுவிடும். காலடியில் உறுதியான ஒரு பலகை போட்டு நில்லுங்கள். உட்கார்ந்து வேலை செய்பவர் தாழ்வான மேசையில் மாட்டிக்கொள்ளலாம். எப்படியானாலும் மேசை ஆடக்கூடாது. ஆடும் மேசையில் மாட்டிய நல்ல வைஸால் பயனில்லை.

விளக்கை மேசையின் எதிர்ப்பக்கத்தில், பற்களைவிடச் சற்றே உயரத்தில் வையுங்கள். மழுங்கிய நுனி வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். கூர் ஏறியதும் அந்தப் புள்ளி மறையும். தலைக்கு நேர்மேலே இருக்கும் விளக்கில் இது தெரியாது.

மாட்டி அரம் போடுவது

பற்களுக்கு இடையே உள்ள குழியின் அடி, தாடை உச்சிக்கு மேலே மிகக் குறைவாக நிற்க வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 5 பல் உள்ள பெரிய ரம்பத்துக்கு 4 முதல் 5 மி.மீ., 14, 15 பல் உள்ள சிறு ரம்பத்துக்கு 2 மி.மீ. அரம் தாடையைத் தொடாத அளவுக்கு எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள். பல்வரிசை தாடைக்கு இணையாக இருக்கிறதா என்று இரு முனையிலும் பாருங்கள். ரம்பப்பிடி தாடைக்கு வெளியே தொங்கட்டும்.

சிறு ரம்பம் தாடையின் பாதியை மட்டுமே நிரப்பினால், மறுபாதியில் அதே தடிமனுள்ள ஒரு தகட்டுத் துண்டைச் செருகுங்கள். உடைந்த ரம்பத்தின் துண்டு இருந்தால் மிகச் சரி. தாடை கோணாமல் நிற்கும். நீள ரம்பத்தின் கடைசிப் பகுதியைப் பிடிக்கும்போதும் இதையே செய்யுங்கள்.

முதலில் தட்டை அரத்தைப் பற்களின் தலைமேல் நீளவாக்கில் ஓட்டி, எல்லாப் பற்களையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பல்லிலும் சிறு மின்னல் தெரிந்ததும் நிறுத்துங்கள். பற்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பக்கமும் வளைந்திருக்கும் விரிப்பு போதாவிட்டால் கூர் போடும் முன்பே விரித்துவிடுவது நல்லது.

முக்கோண அரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முகத்தின் அகலம் பல்லின் பக்கத்தைப்போல இரு மடங்குக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மூன்று மூலைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது முகத்தின் நடுப்பகுதி இருமுறை தேயாது. அரத்துக்குக் கட்டாயம் கைப்பிடி போடுங்கள், நுனியைப் பிடிக்கும் கையில் உறை அணியுங்கள். கை நழுவினால் விரல் போய் இடிப்பது கூரான பல்வரிசையில்தான்.

மரத்தை இழைவாக்கில் அறுக்கும் நீள்வெட்டு ரம்பத்துக்கு அரம் தகட்டுக்குச் செங்குத்தாக, 90 பாகையில் போகும். இழைக்குக் குறுக்கே அறுக்கும் குறுக்குவெட்டு ரம்பத்துக்கு அந்தச் செங்குத்திலிருந்து 15 முதல் 25 பாகை வரை சாயும். பல்லின் முன்முகம் பின்னோக்கிச் சாயும் கோணம், நீள்வெட்டில் 0 முதல் 8 பாகை, குறுக்குவெட்டில் 12 முதல் 15 பாகை. இந்தக் கோணங்களை மனத்தில் வைத்துக்கொண்டு திண்டாட வேண்டாம். உதட்டுக்குப் பின்னால் வைக்க ஒரு மெல்லிய பலகைத்துண்டில் 15, 20, 25 பாகைக் கோடுகளை வரைந்துகொள்ளுங்கள். வேலை செய்யும் பல்லோடு அதையும் நகர்த்திக்கொண்டு, அரத்தைக் கோட்டுக்கு இணையாகப் பிடித்தால் போதும். முன்முகச் சாய்வுக்கு, ஒரு சிறு மரக்கட்டையில் துளையிட்டு அரத்தின் நுனியில் செருகி, அதன் மேல்முகம் மட்டமாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அரம் முன்னோக்கித் தள்ளும்போதுதான் வெட்டும். திரும்பும்போது தூக்கிவிடுங்கள். உங்களிடமிருந்து விலகி விரிந்திருக்கும் பற்களை, ஒன்றுவிட்டு ஒன்றாக, இந்தப் பக்கமிருந்து முடித்து, பிறகு ரம்பத்தைத் திருப்பி மாட்டி மீதியை முடிக்க வேண்டும். தாடையின் இரு ஓரங்களிலும் கடைசி 15 மி.மீ. பகுதியில் அரம் போடாதீர்கள். அங்கே தகட்டுக்கு ஒரு பக்கம்தான் ஆதரவு, அதிர்வு கூடும். ரம்பத்தை நகர்த்தும்போது அந்தப் பகுதி தாடைக்குள் வந்துவிடும். எங்கே நிறுத்தினோம் என்பது மறக்காமலிருக்க முன்கூட்டியே பற்களுக்கு மார்க்கர் மை பூசிவைத்தால், அரம் பட்ட இடம் வெள்ளையாகப் பளிச்சிடும்.

நடுவில் திடீரென்று கிறீச்சொலி எழுந்தால் அழுத்தத்தைக் கூட்டித் தள்ளாதீர்கள். உடனே நிறுத்தி, நட்டுகளைப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தகட்டை ஒரு மி.மீ. தாழ்த்துங்கள். அப்படியும் கத்தினால் அரத்தைப் பாருங்கள், மழுங்கிய அரமும் துள்ளும். புதிய மூலைக்குத் திருப்பியும் ஓயாவிட்டால் தோலின் உச்சியில் இரும்புத்தூள் மேடிட்டிருக்கலாம்.

அந்தத் தூளை ஒவ்வொரு ரம்பம் முடிந்ததும் கட்டைத் தூரிகையால் துடைத்துவிடுவது நல்லது. தோலில் பதிந்த துகள்கள் அடுத்த ரம்பத்தின் தகட்டைக் கீறும், ஈரம் பட்டால் துருவாகி ஒட்டும். போல்ட்டின் மரைகளில் மெழுகு தேய்த்துவையுங்கள், எண்ணெய் வேண்டாம், அது தூளைப் பிடித்துவைக்கும். தோல் அமுங்கிக் கடினமாகிவிட்டால் உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டலாம். அப்படி உரிக்கும் நேரத்தில் உதடுகளின் நேரையும் ஒருமுறை சரிபார்த்து, தேவைப்பட்டால் ஒரு சீவு இழைத்துக்கொள்ளுங்கள்.